காயர் ரோப் என்றால் கயிறு கயிறு

அம்பத்தூரில் எங்கள் வீட்டில் இன்னும் ஒரு உறை கிணறு இருக்கிறது. தெருவில் மற்ற எல்லோரும் மூடி மேலே கார் நிறுத்திவிட்டார்கள். எங்கள் வீட்டில் அப்பாவின் பிடிவாதத்தால் அது பிழைத்துக்கொண்டது. இந்தக் கோடையில் தூர் வாரலாம் என்று ஆள் கூட்டி வந்தேன். வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, வாளிக்குக் கட்டியிருந்த நீல நைலான் கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது வேணாம் சார், ஈரக் கையில வழுக்கும். நார்க்கயிறு வாங்கியாந்துடுங்க"ன்னு சொல்லிட்டார்.

ஓ.டி. பக்கம் ஒரு கடையில் பதினைந்து மீட்டர் வாங்கினேன். கடைக்காரர் பில்லில் எழுதித் தந்தது: காயர் ரோப்.

அந்த இரண்டு வார்த்தையைப் பார்த்துக்கொண்டே வண்டியை எடுத்தேன். சிக்னலில்தான் உறைத்தது. காயர் என்பதே கயிறுதானே? ரோப் என்றாலும் கயிறு. ஆக நான் காசு கொடுத்து வாங்கியது "கயிறு கயிறு". கேட் பாஸ்ட் கதவு என்று சொல்வது மாதிரி. ஏன் இப்படி ஆயிற்று என்று தேடப்போய், பல வருடங்களாக நான் எல்லோரிடமும் அடித்துவிட்டுக்கொண்டிருந்த ஒரு தகவல் பாதி தப்பு என்று தெரிந்தது. அதைத் திருத்தத்தான் இந்தக் கட்டுரை.

நான் அடித்துவிட்டது இதுதான்: "ஆங்கிலத்தில் இருக்கிற காயர் சுத்தமான தமிழ்ச் சொல். கட்டுமரம், மிளகுதண்ணி மாதிரி நம்மகிட்ட இருந்து போனது." கல்யாண வீடுகளில், ஆபீஸ் கேன்டீனில், மகளின் பள்ளி நண்பர்களிடம் எல்லாம் சொல்லியிருக்கிறேன். பில் விஷயத்தைச் சொல்லி அடுத்த நாள் மதிய சாப்பாட்டில் மறுபடி ஆரம்பித்தபோது, எதிரே உட்கார்ந்திருந்த ஆலப்புழைக்காரர் சாம்பார் சாதத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "எங்க ஊர்ல வந்து இதைச் சொல்லிப் பாருங்க சார்" என்றார். தோற்றவர் மீன் சாப்பாடு வாங்கித் தரவேண்டும் என்று பந்தயம் ஆயிற்று.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்தான் தோற்றேன். ஆனால் தோற்ற வழி சுவாரசியமானது.

முதலில் அகராதி. இந்தியாவில் இருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களுக்கு இன்றும் முதலில் புரட்டவேண்டியது ஹாப்சன்-ஜாப்சன். 1886இல் வந்தது. ஹென்றி யூல், ஏ.சி. பர்னல் என்ற இரண்டு பேர் வேலை. பர்னல் மெட்ராஸ் சிவில் சர்வீசில் இருந்தவர், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். புத்தகம் வெளிவருவதற்கு நாலு வருடம் முன்பே இறந்துவிட்டார். காயர் என்ற சொல்லுக்கு அவர்கள் தமிழ் கயிறு, மலையாளம் காயர் இரண்டையும் காட்டுகிறார்கள். கூடவே ஒரு முக்கியமான விஷயத்தையும் சொல்கிறார்கள்: இந்தச் சொல்லின் சரியான பொருள் கயிறு; நார் என்ற பொருளில் புழங்குவது ஐரோப்பியர் வழக்கம்; அந்த வழக்கம் ரொம்பப் பழையது.

நான் பாதி வாக்கியத்தோடு நிறுத்தியிருந்தால் ஜெயித்திருப்பேன். "தமிழ்னு போட்டிருக்கு பாருங்க." ஆனால் சொல் யார் வாயில் இருந்து யார் காதுக்குப் போனது என்பதுதான் கேள்வி. கயிறு, கயறு, கயர் எல்லாம் ஒரே குடும்பம். குடும்பத்தில் எந்தப் பிள்ளை கப்பலேறியது என்று பார்க்கவேண்டும். ஐரோப்பாவில் முதலில் இதைப் பிடித்தவர்கள் போர்ச்சுகீசியர்கள். அவர்கள் எழுதியது "கைரோ". வாஸ்கோ ட காமா 1498இல் வந்து இறங்கியது கோழிக்கோட்டுப் பக்கம். 1500இல் கொச்சி. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அவர்கள் எழுத்தில் இந்தச் சொல் வந்துவிடுகிறது. மயிலாப்பூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் அவர்கள் வந்து குடியேறுவதற்கு முன்பே சொல் கையில் இருந்தது. "கயிறு" என்ற தமிழ் ஒலியில் இருந்து "காயர்" வராது. மலையாள வாயில் இருந்து வரும். கேஸ் முடிந்தது.

ஆங்கில அகராதிகள் இன்னும் ஒரு படி பின்னே போய், "முறுக்கப்படுதல்" என்ற பொருளுள்ள ஒரு மலையாள வினையை வேராகக் காட்டுகின்றன. ஆலப்புழைக்காரரிடம் கேட்டேன். "கயறு-ன்னா எங்களுக்கு ஏறுன்னு அர்த்தம். பஸ்ல கயறு. முறுக்கறதுக்கு நான் கேட்டதில்ல" என்றார். சரி, அதை அங்கேயே விட்டுவிடலாம்.

இதோடு பந்தயம் முடிந்துவிட்டது. ஆனால் அதே பக்கத்தில் இன்னொரு வரி என்னைப் பிடித்துக்கொண்டது. போர்ச்சுகீசியருக்கு ஐநூறு வருடம் முன்னாலேயே அரபியில் எழுதியவர்களிடம் இந்தப் பொருள் இருக்கிறது, ஆனால் வேறு பெயரில்: கன்பார்.

அல்-பிரூனி 1030 வாக்கில் இந்தியாவைப் பற்றி எழுதிய பெரிய நூலில், நம் மேற்குக் கடலில் இருக்கும் தீவுகளை விளைபொருளை வைத்து இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று சோழித் தீவுகள். இன்னொன்று திவா கன்பார், அதாவது கன்பார் தீவுகள். கன்பார் என்றால் தென்னை நாரில் முறுக்கிய கயிறு, கப்பல் பலகைகளைச் சேர்த்துத் தைக்கப் பயன்படுவது என்று விளக்கமும் தருகிறார். மாலத்தீவு, லட்சத்தீவுப் பக்கம்தான் சொல்கிறார் என்பது பொதுவான கருத்து. அவர் இதை எழுதுவதற்கு இருபது, முப்பது வருடம் முன்புதான் ராஜராஜ சோழன் பழந்தீவு பன்னீராயிரத்தைப் பிடித்ததாகத் தன் மெய்க்கீர்த்தியில் சொல்லிக்கொண்டான். அவனுக்கு அந்தத் தீவுகள் எதற்கு என்று பள்ளியில் யாரும் சொல்லித்தரவில்லை. சோழியும் கயிறும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். ஊகம் மட்டும்தான்.

இப்போது கன்பார் எங்கிருந்து வந்தது? யூல் சொல்லும் விளக்கத்தைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது ஒரு என்கோடிங் பக்!

அரபு எழுத்தில் ப, ந, ய ஒலிகளுக்கான எழுத்துகள் சொல்லின் நடுவில் வரும்போது அடிப்படை வடிவம் ஒன்றுதான். ஒரு சின்னப் பல் மாதிரி கோடு. மேலே ஒரு புள்ளி வைத்தால் ந. கீழே ஒரு புள்ளி வைத்தால் ப. கீழே இரண்டு புள்ளி என்றால் ய. பழைய பிரதிகளில் புள்ளியை விட்டுவிட்டு எழுதுவது சகஜம். நம் ஓலைச்சுவடிகளில் புள்ளி வைக்காமல் விட்டது மாதிரியே. அப்படியானால் கய்யார் என்று யாரோ எழுதியதை, அடுத்து பிரதி எடுத்தவர் புள்ளியை இடம் மாற்றிப் போட்டு கன்பார் ஆக்கியிருக்கலாம். ஒரு ஃபைலைத் தப்பான ஃபார்மேட்டில் திறந்து சேவ் பண்ணிவிட்டால், அதற்கப்புறம் எடுக்கிற எல்லா காப்பியும் அப்படியேதானே வரும்?

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் வேலையில் இருபது வருடமாக பக் தேடுகிறவனுக்கு, அழகான விளக்கம் கிடைத்தவுடன் சந்தேகம் வரவேண்டும். எனக்கு இரண்டு வந்தன.

ஒன்று, அரபியில் இரட்டித்த ய-வை இரண்டு எழுத்தாக எழுதமாட்டார்கள். ஒரே எழுத்தை எழுதி மேலே ஒரு குறி போடுவார்கள். எனவே கய்யாரில் ஒரு பல்தான் இருக்கும். கன்பாருக்கு இரண்டு பல் வேண்டும். எண்ணிக்கை இடிக்கிறது.

இரண்டாவது இன்னும் பலமானது. இந்தச் சொல்லைப் பயன்படுத்தியவர்கள் எல்லோரும் அறையில் உட்கார்ந்து பிரதி எடுத்தவர்கள் இல்லை. ஸ்பெயினில் இருந்து ஹஜ்ஜுக்குக் கிளம்பிய இப்னு ஜுபைர் 1183இல் செங்கடலின் ஐதாப் துறைமுகத்தில், ஆணியே இல்லாமல் தென்னை நார்க் கயிற்றால் தைத்த படகுகளைக் கண்ணால் பார்த்து எழுதுகிறார். அவரும் கின்பார் என்றே சொல்கிறார். இப்னு பத்தூதா 1343இல் மாலத்தீவுக்குப் போய், அங்கேயே காஜியாக வேலை பார்த்து, கல்யாணமும் செய்துகொண்டவர். அப்புறம் இலங்கை வழியாக நம்ம மதுரைக்கும் வந்தார். அவரும் கன்பார் என்கிறார். துறைமுகத்தில் மாலுமிகள் வாயால் பேசிக் கேட்ட சொல்லில் புள்ளிப் பிழை எப்படி நுழையும்? மாலத்தீவுக்காரர்களின் சொந்தச் சொல்லும் இதற்குத் துணை வரவில்லை. அவர்கள் கயிற்றை ரோனு என்கிறார்கள். அரபியில் சணல் வகைச் செடிக்குக் கின்னப் என்று பெயர். கயிறு என்றாலே அவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தச் செடியாகத்தான் இருந்திருக்கும். புதுச் சொல் அந்தப் பழைய சொல்லின் சாயலை எடுத்துக்கொண்டதோ என்று எனக்குப் படுகிறது.

எது எப்படியோ, இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அல்-பிரூனியிடம் சொல்லின் உருவம் சிதைந்திருக்கிறது; ஆனால் பொருள் மிகச் சரி: முறுக்கிய கயிறு. ஐரோப்பியரிடம் உருவம் பிழைத்துவிட்டது; பொருள் நழுவிவிட்டது. காயர் என்றால் அவர்களுக்குத் தேங்காய் மட்டையில் இருக்கும் நார். அதனால்தான் அதைக் கயிறாக முறுக்கியபின் "ரோப்" என்று இன்னொரு தடவை சொல்லவேண்டி வந்தது. என் பில்லில் ஏறியது அந்த நழுவல்தான்.

பொருள் ஏன் நழுவியது? இதை யோசித்தால் கொஞ்சம் வலிக்கிறது.

நம் ஊரில் கயிறு என்பது எந்தப் பொருளில் செய்தது என்பதைப் பற்றிக் கவலையே படாத சொல். பருத்தியில் முறுக்கினாலும் கயிறு, பனை நாரில் முறுக்கினாலும் கயிறு, நைலானும் கயிறு. தாலிக் கயிறு, மூக்கணாங்கயிறு, எமன் கையில் பாசக்கயிறு. எமன் எந்த நாரில் செய்தான் என்று யாரும் கேட்டதில்லை. முறுக்கிய பின்தான் அது கயிறு. முறுக்குவதற்கு முன்னால் நார். இலங்கைத் தமிழில் அதற்குத் தும்பு என்று தனியாக ஒரு நல்ல சொல்லே இருக்கிறது. விளக்குமாற்றைக்கூட தும்புத்தடி என்பார்கள். செய்பொருளும் செய்த பொருளும் எங்கள் மொழியில் குழம்பியதே கிடையாது. வாங்குகிறவனுக்கு அப்படி இல்லை. மூட்டை மூட்டையாகக் கப்பலில் ஏறி வருவது நாராக இருந்தாலும், சுருளாக இருந்தாலும் அவனுக்கு ஒரே சரக்கு. பதினாறாம் நூற்றாண்டில் இரண்டுமே ஐரோப்பாவுக்குப் போயிருக்கின்றன. அவனுக்குத் தெரிந்த கயிறு ஏற்கெனவே வேறு செடியில் இருந்தது, அதற்கு ரோப் என்ற பெயரும் இருந்தது. இதில் புதுசு நார் மட்டும்தான். அதனால் பெயர் நாருக்குப் போய்விட்டது. முறுக்கிய கை பெயரில் இருந்து உதிர்ந்துவிட்டது.

ஆங்கிலேயக் கடற்படை மாலுமிகள் இன்னும் ஒரு படி கீழே போனார்கள். அவர்கள் தென்னங்கயிற்றுக்கு வைத்த பேச்சுவழக்குப் பெயர் "கிராஸ்", அதாவது புல். கப்பலை இழுக்கவும், ஒரு கப்பலில் இருந்து இன்னொன்றுக்கு முதல் கயிறு கொடுக்கவும் இதைத்தான் எடுப்பார்கள். ஏனென்றால் தண்ணீரில் மிதக்கும், நனைந்தாலும் லேசு, இழுத்தால் ரப்பர் மாதிரி கொஞ்சம் நீண்டு கொடுக்கும். உப்புத் தண்ணீர் எளிதில் அரிக்காது. மற்ற கயிறுகளைவிட பலம் குறைவுதான். ஆனால் அலையில் வெடுக் வெடுக்கென்று இழுபடும் இடத்தில் விறைத்து நிற்கிற பலசாலியைவிட, நீண்டு கொடுப்பவன்தான் பிழைப்பான்.

(கயிற்றுப் பேச்சு வந்ததால் ஒன்று. நம் மெயிலில் ஜங்க் ஃபோல்டர் இருக்கிறதே, அந்த ஜங்க் என்ற ஆங்கிலச் சொல் முதலில் கப்பலில் நைந்துபோன பழைய கயிற்றைக் குறித்தது. அப்புறம்தான் எல்லாக் குப்பைக்கும் பெயரானது. சீனப் பாய்க்கப்பலான ஜங்க் வேறு கதை.)

சரி, தென்னை நம்மிடமும் இருக்கிறது, ஏன் மலையாளச் சொல் போயிற்று? இதற்கு பதில் ஆலப்புழைக்காரரிடம் இருந்துதான் கிடைத்தது. நல்ல வெள்ளை நார் வேண்டுமானால் பச்சை மட்டையை மாதக்கணக்கில் உப்பு கலந்த தண்ணீரில் ஊறப்போட வேண்டும். ஆறு மாதம், பத்து மாதம்கூட ஆகும். ஊறியபின் பெண்கள் கட்டையால் அடித்து நாரைப் பிரிப்பார்கள். ஓட்டம் இல்லாத, அலை இல்லாத, கொஞ்சம் உப்பான தண்ணீர் மைல் கணக்கில் எங்கே இருக்கிறது? கேரளத்துக் காயலில். தீவுகளில் இருக்கும் ஆழமில்லாத கடற்கழிகளில். தண்ணீர்தான் சொல்லை முடிவு செய்திருக்கிறது. 1859இல் ஜேம்ஸ் டாரா என்பவர் ஆலப்புழையில் முதல் காயர் தொழிற்சாலையை ஆரம்பித்தபோது இந்தச் சரக்கும் சொல்லும் ஏற்கெனவே பல நூற்றாண்டு பழசு.

"எங்க பாட்டி மட்டை தல்லப் போவாங்க" என்றார் அவர். தல்லுவது என்றால் அடிப்பது. "சாயங்காலம் வீட்டுக்கு வந்தா அந்த அழுகின தண்ணி வாசனை. நான் சின்னப் பையன், பக்கத்துல படுக்க மாட்டேன்னு அழுவேனாம். உள்ளங்கையில வெச்சு உருட்டியே கயிறு திரிப்பாங்க. எனக்குச் சொல்லித்தரேன்னாங்க. நான் கத்துக்கல." அதற்குமேல் அவர் அந்தப் பேச்சைத் தொடரவில்லை. நானும் கேட்கவில்லை.

தோற்றவனுக்கு ஆறுதல் பரிசாக ஒன்று கிடைத்தது, அதுவும் நம் மெட்ராசிலேயே. சொல் மலபாரில் இருந்து போயிருக்கலாம். ஆனால் ஒரு பெருநகரமே நார்க்கயிற்றை நம்பி இருநூறு வருடத்துக்கு மேல் வாழ்ந்தது இங்கேதான்.

1639இல் கும்பெனிக்காரர்கள் இடம் வாங்கிய கடற்கரையில் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். நடுவில் ஒன்றன்பின் ஒன்றாக உடையும் அலை வரிசைகள். ஐரோப்பியப் படகை அதில் விட்டால் கரையில் மோதி சிதறிவிடும். ஆள், பெட்டி, குதிரை, கவர்னர், கவர்னரின் மனைவி எல்லோரும் இறங்கியது மசூலா படகில். மாமரம் போன்ற லேசான பலகைகள். உள்ளே விலா எலும்பு மாதிரியான சட்டம் கிடையாது. ஓர் ஆணி கிடையாது. பலகை ஓரங்களில் வரிசையாகத் துளை போட்டு, இடுக்கில் வைக்கோல் அல்லது நாரை வைத்து, மேலே குறுக்கும் நெடுக்குமாக நார்க்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை தூக்கி மணலில் அடித்தால் படகு முழுக்க நெளியும். உடையாது. தண்ணீர் கசியும், இறைத்துக்கொண்டே வருவார்கள். தையலை அடிக்கடி பிரித்து மறுபடி தைக்கவேண்டும். பக்கத்திலேயே கட்டுமரத்தில் ஆட்கள் வருவார்கள், யாராவது விழுந்தால் தூக்க.

மெட்ராஸ் ராஜதானி மீன்வளத் துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகுகளைப் பற்றி 1920இல் எழுதிய நூல் இந்தத் தையல் வேலையைப் புரிந்துகொள்ள நல்ல வாசல். மார்க்கோ போலோ ஹோர்முஸ் துறைமுகத்தில் இதேபோலத் தைத்த கப்பல்களைப் பார்த்து, "இதில் ஏறுவது ஆபத்து" என்ற தொனியில் எழுதினார். இப்னு பத்தூதாவோ, பாறையில் இடித்தால் ஆணி அடித்த கப்பல் உடையும், கயிற்றால் தைத்தது வளைந்து கொடுக்கும் என்றார். மெரினா அலையைப் பார்த்த நமக்கு பத்தூதா சொல்வதுதான் சரி என்று தோன்றும். கடைசியில் கல்லும் காரையும் போட்டுத் துறைமுகம் கட்ட ஆரம்பித்தார்கள். முடியும் தறுவாயில் 1881 நவம்பர் புயல் அதை உடைத்துப் போட்டது. மறுபடி கட்டிய பிறகுதான் மசூலாவுக்கு வேலை குறைந்தது. பின்னாளில் அந்தப் படகும் தைக்கிறவர்களும் இந்தக் கரையில் இருந்து மறைந்தார்கள்.

கட்டுமரத்துக்கும் இதே கதிதான். அந்தச் சொல்லில் முக்கியமானது மரம் இல்லை, கட்டு. கயிற்றை அவிழ்த்தால் அது நாலு கட்டை. மீனவர்கள் கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயவைப்பார்கள். இன்றைக்கு உலகம் முழுக்க கேட்டமரான் என்றால் இரட்டை உடல் கொண்ட சொகுசுப் படகு; அதில் கட்டும் இல்லை, மரமும் இல்லை. காசிமேட்டில் போய்க் கேட்டால் இப்போது எல்லாம் "ஃபைபர்" என்பார்கள். கண்ணாடி இழைப் படகு. கயிறு போய் கடைசியில் நார் என்ற சொல்தான் இங்கேயும் நின்றிருக்கிறது, இங்கிலீஷில்.

கயிற்றால் தைத்த கப்பல் வெறும் பழங்கதையா என்று கேட்டால், இல்லை. 1980இல் டிம் செவெரின் ஓமானில் சோஹார் என்ற கப்பலைக் கட்டினார். ஓர் ஆணி இல்லாமல், சுமார் 400 மைல் நீளத் தென்னங்கயிற்றால் தைத்தது. தைக்கத் தெரிந்த கைகளை அவர் தேடிப் பிடித்தது லட்சத்தீவில். அந்தக் கப்பல் அடுத்த வருடம் சீனாவின் கான்டன் போய்ச் சேர்ந்தது. நம் கடற்படையும் 2025 மே மாதம் கார்வாரில் கௌண்டின்யா என்ற தைத்த கப்பலைச் சேர்த்துக்கொண்டது. அஜந்தா ஓவியத்தில் இருக்கும் கப்பலை மாதிரியாக வைத்து, கேரளத்துத் தச்சர் பாபு சங்கரன் தலைமையில் தைத்தார்கள். நார்க்கயிறு, நார், பிசின். தையல் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் மிச்சம் இருக்கிறார்கள் என்பதே எனக்குச் செய்தியாக இருந்தது.

தமிழ்நாட்டு நிலவரம் வேறு மாதிரி. பொள்ளாச்சிப் பக்கம் போனால் சாலை ஓரத்தில் மலை மலையாக நார் காய்கிறது. நம்முடையது பெரும்பாலும் முற்றிய மட்டையில் மெஷினால் எடுக்கும் பழுப்பு நார். அதை அமுக்கிக் கட்டி ஏற்றுமதி செய்கிறோம், பெரிய அளவில் சீனாவுக்கு. மாலத்தீவில் இருந்து கன்பார் எங்கெல்லாம் போகிறது என்று இப்னு பத்தூதா ஒரு பட்டியல் தருகிறார். அதிலும் சீனா உண்டு. வித்தியாசம், அப்போது போனது கயிறு. இப்போது போவது நார். போர்ச்சுகீசியன் தப்பாகப் புரிந்துகொண்ட பொருளுக்கு நாமே வந்து சேர்ந்துவிட்டோம். இதற்கென்று 1953ஆம் வருட மத்தியச் சட்டத்தில் அமைந்த காயர் போர்டைத் தமிழில் கயிறு வாரியம் என்று அழைக்கிறோம். மொழிபெயர்ப்பு சரி. வேலை நாரைப் பற்றியது.

தூர் வாருகிறவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். பதினைந்து மீட்டரையும் தரையில் நீட்டிப் போட்டு, ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை உள்ளங்கையில் ஓடவிட்டுப் பார்த்தார். வெட்டிய முனை பிரிந்து கிடந்தது. "இங்க புரி விட்டிருக்கு சார், இப்படியே இறக்கினா மொத்தமா பிரிஞ்சிக்கும்" என்றார்.

புரி. கயிற்றை முறுக்கும் ஒவ்வொரு இழைக்கும் அதுதான் பெயர். புரியை ஒரு பக்கமாக முறுக்கி, இரண்டு மூன்று புரிகளைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்குவார்கள். ஒன்று பிரியப் பார்த்தால் மற்றது இறுகும். அந்தச் சண்டைதான் கயிறு. நற்றிணையில் 284ஆம் பாட்டைப் பாடியவரின் சொந்தப் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. இரண்டு யானைகள் இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கும் பழைய கயிற்றைத் தன் உடம்புக்கு உவமை சொன்னதால், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்றே அவரைப் பதிவு செய்துவிட்டார்கள். புரி தேய்ந்த பழங்கயிறு. அகராதியில் தேடவேண்டிய சொல் என்று நான் நினைத்திருந்தது, எங்கள் கிணற்றடியில் லுங்கியை மடித்துக் கட்டி நின்றவர் வாயில் சாதாரணமாக வந்தது.

"புரின்னு நீங்க எங்க கத்துக்கிட்டீங்கண்ணே?" என்று கேட்டேன்.

"கயித்துக்கு வேற என்னன்னு சொல்லுவாங்க?" என்றார். பிரிந்த முனையை எச்சில் தொட்டு, கட்டைவிரலால் உருட்டி மூன்றையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி இறுக்கினார். வாளியைக் கட்டினார். அப்பா நாற்காலியைக் கிணற்றுப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வாளி இறங்கியது.